பணியும் பயனும்

இறைவனுக்கு அடங்கியொழுகுவார்க்குச் செல்வம் பெருகும்; பெருகாதாயின் அவரன்பிற் குறையுண்டென்பார் சிலர். திருவீழிமிழலையிற் பஞ்சகாலத்தில் திருநாவுக்கரசு நாயனார் நாடோறும் வாசியில்லாப் பொற்காசு பெற்றமையை அதற்குச் சான்றாகவுங் காட்டுவர். அவர் கூற்றுப் பொருந்தாது. என்னை? அக்காசு நாயனார் தமக்கெனப் பெற்றதன்று; பசித்த அடியார்க்கு அமுதூட்டுதற்பொருட்டு இறைவன் அருளியது. அந்நாயனாரே திருப்புகலூரில் உழவாரப்பணி செய்யுங்கால் நிலத்திடைத் தோன்றிய பொன்னையும் மணியையும் பருக்கைக்கல்லோடு ஒப்ப மதித்து வாவியில் எறிந்தனர். செல்வமே பணியின் பயனாயின், கைக்கெட்டிய பயனை எறிந்த அவர் பேதையராதல் வேண்டும். அங்ஙனங் கூறச் சைவர் எவர் துணிவர்?

அன்றியும், இளையான்குடி மாறனார் அடியாரை ஊட்டுந் தொண்டில் வழுவாதிருக்கவே, இறைவன் அவர் செல்வத்தை மாற்றினான். வறுமை அன்பின்மைக்கு அடையாளமாயின், விதைத்த நெல்லை நள்ளிரவில் வாரிவந்து விருந்தோம்பிய அவரையும் அன்பிலாரென்றல் வேண்டும்.

அற்றேல், பணிக்குப் பயனில்லையோவெனின், உண்டு. ‘யான், எனது’ என்னுஞ் செருக்கு அறுதலே அது. சிவஞானபோதம் பத்தாஞ் சூத்திரமும் இறைபணியில் நிற்பார்க்கு மலமும் மாயையும் வினையும் நீங்குதலைக் கூறிற்றேயன்றிப் பொருள் பெருகுமென்றிலது. அந்நீக்கமே மெய்வாழ்வு. கூலி கருதிச் செய்வது வாணிகம். தன்னையிழந்து செய்வது தொண்டு. ஆகலின், வறியராகிய அடியாரை அன்பிலாரென்று இகழ்தல் சிவாபராதமாதலை அறிந்து, அன்னார் நாவடக்குக.