முதலில் களிமண்ணைச் சூடாக்கிப் பாருங்கள்

மின்வாரிய வேலையில் இருந்தவரை, சித்திரை வந்தால் டிரான்ஸ்பார்மர் எர்த் குழிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி ஆட்களை விரட்டுவேன். பென்னாகரம் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் எர்த் பைப்பை விட்டு விலகிவிடும். பிற்பாடு உப்பு, கரிக்குப் பதிலாக பென்டோனைட் என்ற களிமண் மாவு வந்தது. நனைந்தால் பல மடங்கு பருக்கும். ஆனால் காய விட்டால் அதுவும் சுருங்கி வெடிக்கும்.

அணுக்கழிவுக்கு அரணாக நிற்கப்போவதும் இந்தக் களிமண்தான். பின்லாந்தின் ஓன்கலோவில் 400 மீட்டருக்கும் கீழே, எரிந்த எரிபொருளை அடைத்த செப்புக் கலங்களைச் சுற்றி பென்டோனைட் கட்டிகளை அடுக்குவதுதான் திட்டம். பாறையில் கசியும் நீரை உறிஞ்சிப் பருத்து, இண்டு இடுக்கையெல்லாம் அது அடைத்துவிடும் என்பது கணக்கு. கழிவோ லேசில் ஆறாது. உள்ளிருக்கும் சூடு ஈரத்தை ஆவியாக்கி வெளியே தள்ளும். நீரோ வெளியிலிருந்து உள்ளே வரப் பார்க்கும். காய்ந்த களிமண் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது என்பதால் சூடு இன்னும் ஏறும். இந்த இழுபறியைப் பார்க்கத்தான் சுவிட்சர்லாந்தின் கிரிம்செல் சுரங்கத்தில் 1997இல் 100 டிகிரி ஹீட்டர்களைக் களிமண்ணுக்குள் வைத்தார்கள். கடைசி ஹீட்டரைப் பிரித்தது 2015இல். அப்போதும் ஹீட்டரை ஒட்டிய மண் வெளிப்புறத்தைவிட உலர்ந்தே இருந்தது. பருக்கும் குணம் போய்விடவில்லை, அதுவரை நல்லது.

நம் நாட்டிலும் ஹீட்டர் சோதனை ஒன்று நடந்தது, கோலார் தங்கவயலில். அது எங்களுக்கு அயலூர் அல்ல. பழைய சேலம் ஜில்லாக்காரர்கள் எத்தனையோ பேர் பிழைக்கப் போன இடம். 1980களில் பாபா அணு ஆராய்ச்சி மையம் அங்கே சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் ஹீட்டர் வைத்துப் பாறையைச் சோதித்தது. கழிவு எதுவும் உள்ளே போகவில்லை. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. 2012 நவம்பரில் கூடங்குளம் அணு உலை வழக்கில் கழிவைப் புதைக்கும் இடமாகக் கோலார் பெயர் அடிபட்டதும் தங்கவயல் கொதித்தது. அரசு மறுத்தது. மறுத்ததோடு பேச்சையும் முடித்துக்கொண்டார்களே, என் கோபம் அதில்தான்.

கழிவைப் புதைக்க அவசரமும் ஒன்றுமில்லை. எரிபொருள் மறுசுழற்சியில் மிஞ்சும் கழிவைக் கண்ணாடியாக உருக்கி, தாராப்பூரில் காற்றோட்டத்தில் ஆறவைக்கிறோம். பல பத்தாண்டு அப்படியே இருக்கலாம். கூடங்குளத்தில் எரிந்த எரிபொருள் இப்போதைக்கு அங்கேயே நீர்த்தொட்டியில் கிடக்கிறது. அதற்குள் பார்மர், கட்ச் பென்டோனைட்டை நம் பாறைக்குள்ளேயே வைத்து இருபது ஆண்டாவது சூடாக்கிப் பார்க்கட்டும். ஈரம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று ஆண்டுதோறும் கன்னடத்திலும் தமிழிலும் வெளியிடட்டும். அதுவரை இடம் கேட்டு எந்த ஊர்ப் பக்கமும் வரவேண்டாம்.