பாட்டி யாருன்னு சர்க்கார் கேட்டப்போ

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் கனமான சமாச்சாரம். பொறுமையா படிங்க மக்களே.

ஏழு பிறப்புச் சான்றிதழ் (இல்லன்னா ஞானஸ்நானச் சான்றிதழ்), மூணு கல்யாணச் சான்றிதழ். உங்களோடது, அப்பா அம்மாவோடது, ரெண்டு பக்கத்து தாத்தா பாட்டிகளோடது. நாஜி ஜெர்மனியில 'நான் ஆரியன்'னு நிரூபிக்க இத்தனை காகிதம் வேணும். 1933 ஏப்ரல்ல வந்த சட்டப்படி, யூதத் தாத்தாவோ பாட்டியோ இருந்தா அரசாங்க வேலை கிடையாது. ஹிம்லரோட எஸ்.எஸ். படையில சேர இது கூட பத்தாது. 1800 வரைக்கும் முன்னோர் பட்டியல் வேணும், அதிகாரின்னா 1750 வரைக்கும்.

இந்தக் காகிதமெல்லாம் எங்கேர்ந்து வந்தது? ஜெர்மனி முழுக்க அரசாங்கமே பிறப்பு இறப்பு பதிய ஆரம்பிச்சது 1876-லதான் (பிரஷ்யாவுல 1874). அதுக்கு முன்னாடின்னா பெரும்பாலும் ஊர் சர்ச்சுல இருக்கற பதிவேடுதான். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம்னு தலைமுறை தலைமுறையா போதகர்கள் கையால எழுதி வச்சது. பக்தியோட எழுதின நோட்டுப் புத்தகம், திடீர்னு வேலைக்கும் உசிருக்கும் உத்தரவு போடற புத்தகமாயிடுச்சு.

இதுல ஒரு கேவலமான வேடிக்கை இருக்கு. 'ரத்தம், ரத்தம்'னு கத்தினவங்களுக்கு ரத்தத்துல எதையும் கண்டுபிடிக்க முடியல. 1935 நியூரம்பர்க் சட்டங்கள் வந்தப்போ, தாத்தா பாட்டி நாலு பேர்ல மூணு பேரு யூத மத சமூகத்தைச் சேர்ந்தவங்களா இருந்தா நீ யூதன்னு வச்சாங்க. அதாவது இனத்தை முடிவு பண்ணினது ரத்தம் இல்லீங்க, பதிவேட்டுல இருந்த மதம்.

பதிவேட்டை எல்லாம் தேடி அடுக்கித் தர ஆள் வேணுமே? அங்கதான் எனக்கு உறுத்துது. வம்சாவளி தேடறது அங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு பொழுதுபோக்கு. பெர்லின்ல 1869-லயே 'ஹெரால்ட்'னு ஒரு சங்கம், லைப்சிக்ல 1904-ல குடும்ப வரலாற்றுக்குன்னே ஒரு மையம். நம்மள மாதிரி ஆர்வக்கோளாறு பார்ட்டிங்க நிறைய பேர். 1933-க்கு அப்புறம் இந்த வேலைக்கு திடீர்னு ஏக மவுசு. 1936-ல கார்ல் தேமல்ங்கற போதகர், பழைய பெர்லின் சபைகளோட ஞானஸ்நானப் பதிவுகளை அட்டை அட்டையா எழுதி அடுக்க ஒரு அலுவலகமே திறந்தார். கிறிஸ்தவரா மாறின யூதர்களுக்குத் தனி அட்டை! அவங்க பேரு நேரா சர்க்காருக்குப் போச்சு. போருக்கு அப்புறமும் இவர் சபையோட ஆவண வேலையில இருந்திருக்கார். என்னத்த சொல்ல.

இன்னொரு பக்கம் யாக்கோப் யாக்கோப்சன். 1905-ல பெர்லின்ல ஆரம்பிச்ச ஜெர்மன் யூதர்களோட பொது ஆவணக் காப்பகத்தைப் பார்த்துக்கிட்டவர். நாஜிகள் காப்பகத்தை எடுத்துக்கிட்டு, அவரையும் வெளிநாடு போக விடாம பிடிச்சு வச்சு அதே வேலையை வாங்கினாங்க. தன் ஜனங்களோட பதிவேட்டை எதிரிக்காகப் புரட்டற கொடுமையை நினைச்சுப் பாருங்க. 1943-ல தெரசின்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பிட்டாங்க. உசிரோட திரும்பினார். அப்புறமும் எழுதினது பெர்லின் யூதர்களோட வம்ச வரலாறுதான்!

கடைசியில நடந்ததுதான் விசித்திரம். யூதப் பதிவேடுகள்ல பெரிய தொகுதி ஒண்ணை துரிங்கியாவுல ராட்ஸ்ஃபெல்டுங்கற கோட்டையில வச்சிருந்தாங்க. 1945-ல ஜெர்மனி தோத்துக்கிட்டு இருக்கற நேரத்துல காட்டர்மான்ங்கற கம்பெனி அங்க உக்காந்து அதையெல்லாம் மைக்ரோஃபிலிம் எடுத்துச்சு. மூலப் பதிவேடுகள் காணாமப் போச்சு. ஃபிலிம் தப்பிச்சுது. செத்துப்போன சமூகங்களோட பேரன் பேத்திகள் இன்னிக்கு கொள்ளுப்பாட்டி பேரைத் தேடினா, பல ஊர்களுக்கு இருக்கற ஆதாரம் இந்த ஃபிலிம்தான். அழிக்க உதவின ஏற்பாடுதான் ஞாபகத்தையும் காப்பாத்தி வச்சிருக்கு.

'இப்படி ஆபத்துன்னா எதுக்குய்யா சேர்த்து வைக்கணும், கொளுத்திட வேண்டியதுதானே'ன்னு கேக்கலாம். நியாயமான கேள்விதான். 1943 மார்ச்ல ஆம்ஸ்டர்டாம் எதிர்ப்பியக்கத்துக்காரங்க மக்கள் பதிவு அலுவலகத்தையே குண்டு வச்சு கொளுத்தினாங்க. அந்த நேரத்துல அது சரி. நான் அங்க இருந்தா தீப்பெட்டி எடுத்துக் கொடுத்திருப்பேன். ஆனா அதையே எந்தக் காலத்துக்கும் கொள்கையா வைக்க முடியாது. போருக்கு அப்புறம் கிழக்குப் பகுதிகள்லேர்ந்து லட்சக்கணக்கான ஜெர்மானியர்கள் விரட்டப்பட்டு வந்தாங்க. ஊர் இப்போ போலந்துல இருக்கு, கல்லறைகள்லயும் பாதி இல்ல. லைப்சிக்ல சேர்த்து வச்ச கிழக்குப் பகுதி சபைப் பதிவேடுகளும் ஃபிலிம்களும் இல்லன்னா அவங்க வேரைத் தேட வேற வழி ஏது? 1904-ல ஆரம்பிச்ச அந்த மையத்தோட சேகரிப்பு எல்லாம் 1995-லேர்ந்து சாக்சனி மாநில ஆவணக் காப்பகத்துல இருக்கு.

'அப்போ காலப் பூட்டு போடு'ங்கறது அடுத்த யோசனை. ஜெர்மனியில 2009-லேர்ந்து அதுதான் சட்டம். பிறப்புப் பதிவு 110 வருஷம், கல்யாணம் 80, இறப்பு 30. அதுக்கு அப்புறம்தான் காப்பகத்துக்குப் போய் யாரும் பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான், நானும் ஆதரிக்கறேன். ஆனா இது போதும்னு நிம்மதியா இருக்காதீங்க. நாஜிகள் புரட்டினது உசிரோட இருந்தவங்க பதிவை மட்டும் இல்ல. எப்பவோ செத்துப்போனவங்களோட பதிவை வச்சுதான் எத்தனையோ பேரோட கதையை முடிச்சாங்க. காலப் பூட்டு அங்க எதையும் தடுத்திருக்காது.

என் முடிவு இதுதான். கொன்னது பதிவேடு இல்ல, 'உன் பாட்டி யாருன்னு நிரூபி'ன்னு ஒரு சர்க்கார் கேட்ட கேள்வி. நானா என் பாட்டியைத் தேடினா அது பாசம். சர்க்கார் என் பாட்டியைத் தேடினா, அதுவும் என் வேலைக்கும் குடியுரிமைக்கும் நிபந்தனையா வச்சு தேடினா, பயப்படணும். அதனால பதிவேட்டைக் காப்பாத்துங்க, ஃபிலிம் எடுங்க, ரெண்டு மூணு இடத்துல பிரதி வைங்க. அதைவிட முக்கியமா அந்தக் கேள்வியைக் கேக்கற உரிமையை எந்த அலுவலகத்துக்கும் கொடுத்துடாதீங்க.

பொழுதுபோக்குக்கு வம்சாவளி தேடறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அட்டை அடுக்கறப்போ, நாளைக்கு இதை யார் எதுக்கு புரட்டுவாங்கன்னு ஒரு தடவை யோசிச்சுடுங்க. பெர்லின்ல அன்னிக்கு யோசிக்காதவங்கதான் ஜாஸ்தி.

மாத்துக்கருத்து இருந்தா பின்னூட்டத்துல தாராளமா திட்டுங்க, பேசலாம்.