மார்த்தாள் உட்கார வேண்டுமானால் யார் எழுந்திருப்பது?

வார தியானம் – திருவருகைக் காலம்
வேதபகுதி: லூக்கா 10:38–42, யோவான் 21:1–14



கார்த்திகை மழை இன்னும் விட்டபாடில்லை. மார்கழிப் பனி வரக் காத்திருக்கிறது. டோல்கேட் மெட்ரோ நிலையத்தின் படியிறங்கி எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் கிறிஸ்தவ வீடுகளின் முகப்பில் காகித நட்சத்திரங்கள் ஏறத் தொடங்கிவிட்டன. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையிலிருந்து துணிப்பைகள் வந்து சேர்கின்றன. சபைகளில் கேரல் பவனியின் கால அட்டவணை வாசிக்கப்படுகிறது. ஒவ்வோர் ஆண்டும் இந்த வாரங்களில் பிரசங்க பீடங்களிலிருந்து தவறாமல் ஒலிக்கும் செய்தி ஒன்று உண்டு. அது பெத்தானியா ஊர் மார்த்தாளைப் பற்றியது.

“சகோதரிகளே, பலகாரத்திலும் வீட்டு வேலையிலும் மூழ்கி ஆண்டவரை மறந்துவிடாதீர்கள். மார்த்தாளைப்போல் இராமல் மரியாளைப்போல் அவர் பாதத்தில் அமருங்கள்” என்பது அச்செய்தியின் சாரம். கேட்பதற்குப் பக்தியாகத்தான் இருக்கிறது. ஆயினும் அது அநீதியான பிரசங்கம் என்பதே இவ்வாரம் நான் உங்கள்முன் வைக்கும் வாதம். அந்தச் செய்தியைக் கேட்டுத் தலையசைக்கும் ஆண்கள், ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குச் சென்று கேட்கும் முதல் கேள்வி, “அதிரசத்துக்கு அரிசி ஊறவைத்தாயிற்றா?” என்பதே. உட்காரச் சொன்ன பீடமும் எழுந்திருக்கச் சொல்லும் வீடும் ஒரே பெண்ணைக் குற்றவாளியாக்குகின்றன. உட்கார்ந்தால் பொறுப்பில்லாதவள், எழுந்தால் பக்தியில்லாதவள்.

முதலாவது, நம் வீடுகளில் ‘கிறிஸ்துமஸ் ஆயத்தம்’ என்று எதைச் சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அதிரசத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் முற்றிலும் போகுமுன் மாவாக்கி, வெல்லப்பாகு காய்ச்சிப் பதம் பார்த்துக் கிளறி, ஒரு நாளாவது மூடிவைத்து, பின்பு தட்டிப் பொரித்து எண்ணெய் பிழிந்தெடுக்க வேண்டும். அடைமழை நாளில் அரிசி உலர்வதே பெரும்பாடு. அதனோடு முறுக்கு, ரவை லட்டு. பரணில் கிடக்கும் பாத்திரங்களை இறக்கி விளக்க வேண்டும். திரைச்சீலைகளைத் துவைத்து, கொடி கட்ட இடமில்லாத வீட்டுக்குள்ளேயே மின்விசிறிக் காற்றில் காயவைக்க வேண்டும். பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வும் இதே டிசம்பரில்தான் வருகிறது. ஆண்கள் செய்வது எது? நட்சத்திரம் கட்டுவது. அரை மணி நேர வேலை. அதற்கும் ஏணியைப் பிடித்துக்கொள்ள அவள் வர வேண்டும்.

வடசென்னையின் வீட்டு வேலை மற்ற ஊர்களின் வீட்டு வேலையைப் போன்றதன்று. நம் தெருக்களைத் தாண்டித் துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் எழுப்பும் புழுதி, காலையில் துடைத்த சன்னலில் மாலையில் மீண்டும் படிந்திருக்கும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளப்படுவது உயர் நீதிமன்ற உத்தரவால் 2011இல் நிற்கும்வரை, ராயபுரத்தில் கொடியில் காய்ந்த வெள்ளைத்துணி கரித்தூள் படிந்தே இறங்கியது. 2023 டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய், எண்ணூர்க் கழிமுகத்தில் மட்டும் நிற்கவில்லை. எர்ணாவூர்ப் பக்கத்து வீடுகளுக்குள்ளும் புகுந்தது. சுவரிலும் பாத்திரத்திலும் படிந்த அந்தக் கருமையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியபின்தான் அவ்வீட்டுப் பெண்கள் அவ்வாண்டின் கிறிஸ்துமஸை எதிர்கொண்டார்கள். பண்டிகை முடிந்த மறுநாள், 26ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பத்தை ஒட்டிய கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, உறங்கிய பிள்ளைகளை வாரியெடுத்துக்கொண்டு குடும்பங்கள் தெருவுக்கு ஓடின. ஆலைகளும் துறைமுகமும் வெளியேற்றும் அழுக்கின் கடைசிப் பங்கைக் கையால் துடைத்தெடுப்பவள் இந்தப் பகுதியின் இல்லத்தரசி. அவளைப் பார்த்தா, ‘வீட்டு வேலையில் மூழ்காதே’ என்று உபதேசம் செய்வது?

இது என் மனக்கணக்கு மட்டுமன்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு முழுவதும் நாடெங்கும் நேரப் பயன்பாட்டு ஆய்வை நடத்தியது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களில் ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். அவ்வாறு ஈடுபட்ட பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் உழைத்தாள். ஈடுபட்ட ஆண் 97 நிமிடம். அதாவது வேலை செய்கிற ஆணையே எடுத்துக்கொண்டாலும், அவன் செய்வதைப்போல் மூன்று மடங்கு அவள் செய்கிறாள். இது சாதாரண நாளின் கணக்கு. பண்டிகை மாதத்தின் கணக்கை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த உழைப்புக்கு அரசாங்கம்கூட ஒரு பெயர் கண்டுபிடித்துவிட்டது. 2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் குடும்பத் தலைவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டபோது, அதற்கு ‘உதவித்தொகை’ என்று பெயரிடவில்லை, ‘உரிமைத்தொகை’ என்றார்கள். தொகை போதுமா என்பது வேறு வழக்கு. வீட்டில் நடப்பது உழைப்பு, அதற்கு உரிமை உண்டு என்று கோட்டையிலிருந்து ஒப்புக்கொண்டாயிற்று. அதே உழைப்பைத் திருச்சபை இன்னமும் ‘உலகக் கவலை’ என்று அழைத்துக்கொண்டிருப்பது வெட்கக்கேடு.

இப்போது வேதபகுதிக்கு வருவோம். லூக்கா 10ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். மார்த்தாள் செய்த பணிவிடையைக் குறிக்க லூக்கா பயன்படுத்தும் கிரேக்கச் சொல் ‘டியாகோனியா’. சபையில் நாம் மதிப்போடு உச்சரிக்கும் ‘டீக்கன்’ என்னும் பட்டம் அந்த வேரிலிருந்தே பிறந்தது. ஆணின் கையில் இருந்தால் ஊழியம், பெண்ணின் கையில் இருந்தால் கவலை என்று பிரிக்க நமக்கு அதிகாரம் தந்தது யார்? யோவான் 11ஆம் அதிகாரத்தில், பேதுருவின் அறிக்கைக்கு இணையான விசுவாச அறிக்கையைச் செய்தவளும் இதே மார்த்தாளே. அடுத்த அதிகாரத்தில் மறுபடியும் அவள் பரிமாறுகிறாள். அங்கே ஆண்டவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை.

அப்படியானால் பெத்தானியாவில் ஆண்டவர் செய்தது என்ன? ஒரு பெண் போதகரின் பாதத்தருகே சீஷனைப்போல் அமர்ந்து கேட்கலாம், அந்தப் பங்கை அவளிடமிருந்து எவரும் பறிக்கக்கூடாது என்று அவர் காத்துக்கொடுத்தார். உணவு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அவரோடு வழிப்பயணம் வந்த சீஷர்களும் உண்ண வேண்டியவர்களே. ஆகவே அந்தப் பகுதியின் மெய்யான கேள்வி ஆண்களை நோக்கியது: மரியாளும் உட்கார வேண்டும், மார்த்தாளும் உட்கார வேண்டும், பசியும் தீர வேண்டும் என்றால், யார் எழுந்திருப்பது?

அதற்கு விடை யோவான் 21ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. காசிமேட்டுக் கரையில் விடியற்காலையில் படகுகள் திரும்புவதைக் கண்டவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. இரவெல்லாம் வலை வீசிக் களைத்த ஏழு பேர் கரைக்கு வருகிறார்கள். மரணத்தை வென்ற ஆண்டவர் அங்கே கரிநெருப்பு மூட்டி, மீனைச் சுட்டு, அப்பத்தோடு காத்திருக்கிறார். வந்து உண்ணும்படி அழைத்து, தம் கையாலேயே பரிமாறுகிறார். உயிர்த்தெழுந்த தேவகுமாரன் அடுப்பு மூட்டினார். நம் சபைகளில் எத்தனை மூப்பர்கள் மூட்டியிருக்கிறார்கள்?

மறுப்புகள் எழும் என்று அறிவேன். அவற்றையும் பார்த்துவிடுவோம்.

“அவர்கள் விருப்பத்தோடுதானே செய்கிறார்கள்?” என்பீர்கள். உண்மைதான், நம் தாய்மாருக்குப் பலகாரம் சுடுவதில் மகிழ்ச்சி உண்டு. ஆனால் மறுக்க முடியாத இடத்தில் விருப்பத்தை எப்படி அளப்பது? இந்த ஆண்டு முடியாது என்று அவள் சொல்லிப் பார்க்கட்டும்; மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டார் என்ன பேசுவார்கள் என்று பார்த்தபின் விருப்பத்தைப் பற்றிப் பேசுவோம்.

“ஆண்கள் வேலைக்குப் போய்க் களைத்து வருகிறார்களே” என்பீர்கள். இதை நான் லேசாக எண்ணவில்லை. துறைமுக வாயிலில் மணிக்கணக்காய் வரிசையில் நிற்கும் லாரி ஓட்டுநரையும், மணலியிலும் எண்ணூரிலும் இரவுமுறை முடித்து விடியலில் திரும்புகிறவரையும் அறிவேன். ஆனால் மீன் அங்காடியிலும், தையல் கம்பெனியிலும், பிறர் வீட்டுப் பாத்திரத்தடியிலும் நின்றுவிட்டு வருகிற பெண்ணுக்குக் களைப்பில்லையா? அவன் களைத்து வந்தால் தேநீர் கிடைக்கிறது. அவள் களைத்து வந்தால் அடுப்பு கிடைக்கிறது.

“புருஷன் மனைவிக்குத் தலையாயிருக்கிறான்” என்று எபேசியர் நிருபத்தை எடுப்பீர்கள். எடுங்கள், ஆனால் அந்த 5ஆம் அதிகாரத்தை இறுதிவரை வாசியுங்கள். அங்கே தலைமைக்குக் காட்டப்படும் மாதிரி, சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்த கிறிஸ்து. அந்தத் தலைமை இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கால் கழுவிய தலைமை. நாற்காலியில் அமர்ந்து காபி கேட்கும் தலைமைக்கு அந்த அதிகாரத்தில் இடமில்லை. மார்ட்டின் லூத்தர் 1522ஆம் ஆண்டிலேயே, திருமண வாழ்வைப் பற்றிய தம் நூலில், குழந்தையின் அழுக்குத்துணியைத் துவைக்கும் தகப்பனை ஊர் நகைத்தாலும், தேவன் தம் தூதர்களோடும் படைப்புகளோடும் அவனைக் குறித்து மகிழ்ந்து புன்னகைக்கிறார் என்ற கருத்தை எழுதினார். ஐந்நூறு ஆண்டுகள் கடந்தும் அந்த நூலின் அந்தப் பக்கம் நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

“அப்படியானால் பலகாரமே வேண்டாம் என்று விட்டுவிடலாமே” என்று சிலர் சுருக்குவழி காட்டுவர். அதற்கும் நான் உடன்படேன். டோல்கேட்டில் கிறிஸ்துமஸ் தட்டு நம் வீட்டோடு நிற்பதில்லை. நோன்புக் கஞ்சி கொடுத்த வீட்டுக்கும், பொங்கல் கொடுத்த வீட்டுக்கும் அது போகிறது. பத்துப் பிரசங்கம் செய்யாத சாட்சியை அந்தத் தட்டு செய்கிறது. அது அருமையான ஊழியம் என்பதால்தான், அதை ஒருத்தியின் முதுகில் மட்டும் ஏற்றாதீர்கள் என்கிறேன்.

கேரல் பவனியைப் பற்றியும் ஒரு சொல். இளைஞரும் பெரியவர்களுமாகப் பாடிக்கொண்டு நள்ளிரவு ஒரு மணிக்கு ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். இரட்சகரின் பிறப்பை அறிவித்து, ஜெபித்து, கேக்கும் காபியும் அருந்தி அடுத்த வீட்டுக்கு நகர்கிறோம். அந்தக் காபிக்காகப் பாலை அடுப்பில் வைத்து விழித்திருந்தவள், நாற்பது குவளைகளைக் கழுவிவிட்டு இரண்டு மணிக்குப் படுத்து, ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழுகிறாள். அவள் நற்செய்தியைக் கேட்டாளா? நாம் வாசலில் பாடியபோது அவள் சமையலறையில் அல்லவா இருந்தாள்! பிறகு 25ஆம் தேதி விடியற்கால ஆராதனையில் கடைசி வரிசையில் அவள் கண்ணயர்ந்தால், அதை அசட்டை என்கிறோம்.

முதல் திருவருகைக் காலத்தின் வீட்டைக் கவனியுங்கள். முதிர்வயதில் கருவுற்ற எலிசபெத்தைத் தேடி இளம் மரியாள் மலைநாட்டுக்கு விரைந்து சென்று, ஏறக்குறைய மூன்று மாதம் அவளோடு தங்கினாள் என்று லூக்கா எழுதுகிறார். அந்த நாட்களில் அவ்வீட்டின் ஆசாரியனான சகரியா பேசமுடியாமல் இருந்தார். பெண்கள் இருவரும் பேசினார்கள். மரியாளின் பாட்டு அந்த வீட்டில்தான் பிறந்தது. நம் வீட்டுப் பெண்களுக்கும் உட்கார்ந்து பேச, பாட, ஜெபிக்க இந்த நான்கு வாரங்களில் ஓர் ஓய்வான மாலையாவது உண்டா?

ஆகவே, அன்பானவர்களே, இவ்வாரமே செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். இன்றிரவு குடும்ப ஜெபத்துக்கு முன் ஒரு தாளில் டிசம்பர் 25 வரையான வேலைகளை எல்லாம் எழுதுங்கள். எழுதத் தொடங்கினால்தான் அவை எத்தனை என்று தெரியும். ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயர் எழுதுங்கள். மகனின் பெயரும் தகப்பனின் பெயரும் அதில் வரட்டும். கேரல் குழுவில் செல்லும் ஆண்கள், தாங்கள் குடித்த குவளையைத் தாங்களே கழுவிவைத்துவிட்டு நகரட்டும். சபையின் அன்பின் விருந்தில் இந்த ஆண்டு மூப்பர்களும் குழு உறுப்பினர்களும் சமைத்துப் பரிமாற, பெண்கள் முதல் பந்தியில் அமரட்டும். கிறிஸ்துமஸ் காலையில் அவள் உறங்கி எழுந்த முகத்தோடு முதல் மணிக்கே ஆலயத்துக்கு வரட்டும். இவற்றைச் செய்ய மனமில்லாதவர்கள், தயவுசெய்து, மார்த்தாளைப் பற்றிப் பிரசங்கிக்க வேண்டாம்.

ஜெபம்: கடற்கரையில் அடுப்பு மூட்டிய ஆண்டவரே, எங்கள் வீட்டு அடுப்படிக்கும் எங்களை அழைத்துச் செல்லும். எங்களுக்காக நிற்பவர்கள் உமது பாதத்தில் அமரும்படி, நாங்கள் எழுந்திருக்கக் கற்றுத்தாரும். ஆமென்.