கேட்கப்பட வேண்டிய குரல்

வானூர்தியை விமானி செலுத்துகிறார். தரையிலிருந்து கட்டுப்பாட்டு அலுவலர் வழிகாட்டுகிறார். அவ்விருவரும் எச்சொல்லை எப்பொருளில் வழங்க வேண்டும், இரு விமானங்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி வேண்டும், பிழை நேர்ந்தால் அதனை எவ்வாறு ஆராய வேண்டும் என்பனவற்றை வகுப்போரைப் பயணிகள் காண்பதில்லை. அவர்களின் பணியிடங்களுள் முதன்மையானது கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் உள்ளது.

1944 டிசம்பர் 7 அன்று சிகாகோ நகரில் 52 நாடுகள் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. அதன் பயனாக 1947 ஏப்ரல் 4 அன்று பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து அமைப்பு தோன்றியது. இன்று 193 நாடுகள் இதன் உறுப்பினர்கள். விமானியின் உரிமம் முதல் விபத்து விசாரணை வரை அனைத்திற்குமான நெறிகள் உடன்படிக்கையின் 19 பின்னிணைப்புகளில் அடங்கியுள்ளன.

இத்தகைய அமைப்பில் உள்ளகப் பயிற்சி பெற இளைஞர் பலர் விரும்புகின்றனர். அறிக்கைகளைப் படித்தல், தரவுகளைத் தொகுத்தல், கூட்டங்களுக்கான ஆவணங்களை ஆயத்தம் செய்தல் போன்றவையே பயிற்சியாளருக்குரிய பணிகள். வானில் பறக்கும் கனவோடு வருபவருக்கு இவை வெறும் எழுத்தர் வேலையாகத் தோன்றலாம். அவ்வாறு எண்ணுவது தவறு. வான்பயணத்தின் பாதுகாப்பு பெரிதும் தாள்களின் மீதுதான் கட்டப்பட்டுள்ளது.

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயின் நாட்டுக்குரிய டெனெரீஃப் தீவில் மூடுபனி சூழ்ந்த ஓடுபாதையில் இரு பெரு விமானங்கள் மோதின. 583 பேர் உயிரிழந்தனர். புறப்பட இசைவு கிடைக்கும் முன்பே ஒரு விமானம் விரைந்து ஓடத் தொடங்கியதே காரணம். அவ்விமானத்தின் பொறியாளர், மற்றொரு விமானம் பாதையை விட்டு இன்னும் விலகவில்லையோ என்று ஐயுற்றுக் கேட்டார். பட்டறிவு மிக்க தலைமை விமானி, அது விலகிவிட்டது என உறுதியாக விடையளித்தார். பொறியாளர் மேலும் வற்புறுத்தவில்லை. சில நொடிகளில் எல்லாம் முடிந்தது.

யானைக்கும் அடிசறுக்கும். ஆனால், சறுக்கப்போவதைக் கண்ட எளியவரின் குரல் யானையின் செவியில் விழ வேண்டுமே! அவ்விபத்திற்குப் பின் புறப்பாட்டைக் குறிக்கும் சொற்களின் வழக்கு நெறிப்படுத்தப்பட்டது. இளையவர் ஐயத்தை அஞ்சாது எழுப்பவும் மூத்தவர் அதற்குச் செவிசாய்க்கவும் விமானக் குழுவினருக்குப் பயிற்சியளிக்கும் முறையும் வளர்ந்தது. விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனியொரு விபத்தைத் தடுப்பதே. எவர்மீதும் பழி சுமத்துவதன்று எனப் பதின்மூன்றாம் பின்னிணைப்பு வரையறுக்கிறது. பழிக்கு அஞ்சுபவர் பிழையை மறைப்பார். மறைக்கப்பட்ட பிழை மீண்டும் நிகழும். பயிற்சியாளர் ஒருவர் கற்றுக்கொள்ளத்தக்க பாடங்களுள் தலையாயது இதுவே.

ஆயினும், இப்பாடத்தைக் கற்கும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டுகிறதா? ஐக்கிய நாடுகள் அவையின் செயலகம் பயிற்சியாளர்களுக்கு ஊதியம் தருவதில்லை. உலகத் தொழிலாளர் அமைப்பு போன்றவை உதவித்தொகை வழங்குகின்றன. ஊதியமில்லாப் பயிற்சி எங்கு நிலவினாலும், வெளிநாட்டு நகர் ஒன்றில் பல மாதங்கள் தங்கும் செலவைத் தாங்கக்கூடிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கே அது வாய்க்கும். அனுபவமே ஊதியம் என்பர் சிலர். அனுபவம் அரியதே, ஆனால், அதனைக் கொண்டு வீட்டு வாடகை செலுத்த இயலாது. நிதி போதாது என்பர் வேறு சிலர். அவ்வாறாயின், பயிற்சியிடங்களைக் குறைத்தேனும் தகுதியுடைய ஏழை மாணவருக்கு உதவுவதே முறை.

இது இரக்கத்தின்பாற்பட்ட வேண்டுகோள் மட்டுமன்று, பாதுகாப்பைச் சார்ந்ததுமாகும். 1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே நடுவானில் இரு விமானங்கள் மோதி 349 பேர் மாண்டனர். கட்டுப்பாட்டு அறையின் ஆங்கில அறிவுரைகளை ஒரு விமானக் குழு சரிவரப் புரிந்துகொள்ளாதது அந்த விசாரணையில் முதன்மை பெற்றது. விமானிகளும் கட்டுப்பாட்டு அலுவலர்களும் பெற்றிருக்க வேண்டிய மொழித்திறனுக்கான நெறிகளை 2003ஆம் ஆண்டில் பன்னாட்டு அமைப்பு வலுப்படுத்தியது. அயல்மொழியில் அவசரச் செய்தியைப் புரிந்துகொள்ளும் இடரை, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் முழுதும் உணர்தல் அரிது. பல மொழிகளும் பல வாழ்நிலைகளும் கொண்ட இளைஞர் அவ்வவையில் இடம்பெற்றால், நெறிகள் ஏட்டளவில் நில்லாமல் எல்லா நாட்டு வானுக்கும் பொருந்தும்.

விமானி அறையில் இளையவரின் குரல் ஒடுங்கினால் நேரும் தீங்கை டெனெரீஃப் உணர்த்தியது. நெறி வகுக்கும் மன்றத்திலோ, குரல் ஒடுங்குவதற்கு முன்பே வறுமை அதனை வாயிலில் நிறுத்திவிடுகிறது. வானம் எல்லார்க்கும் பொது என்றால், அதனைக் காக்கக் கற்கும் வாயிலும் எல்லார்க்கும் திறந்திருத்தல் வேண்டும்.