முகத்தை மட்டும் பார்த்துட்டு வராதீங்க, முதுகையும் பாருங்க

1/ பெரியநாயக்கன்பாளையம், மேட்டுப்பாளையம் ரோடு, கோவை சுத்துவட்டாரம் பூரா இப்ப முதியோர் இல்லங்கள் பெருகிடுச்சுங்க. பையன் வெளிநாட்டுல, பொண்ணு பெங்களூர்ல. பெத்தவங்களை அங்க சேர்க்கறது தப்புன்னு நான் சொல்லலை. சேர்த்தப்புறம் எதைப் பார்க்கணும்னு சொல்றேன்.

2/ படுக்கைப்புண். "வயசானா வர்றதுதானே"ன்னு விட்டுடறோம். பெரும்பாலான புண்கள் தடுக்கக்கூடியவை. அசையாம படுத்திருந்தா எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவுல சதை நசுங்கி, ரத்த ஓட்டம் நின்னு, சதை அழுகுது. அதுக்குச் சில மணி நேரமே போதும். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூணும்தான் முக்கியமான இடம்.

3/ தடுக்கற வழி: சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும். கணக்குப் போடுங்க. எழ முடியாதவங்க 20 பேர். ராத்திரி 8-ல இருந்து காலைல 6 வரை ஆளுக்கு 5 தடவை, மொத்தம் 100 தடவை. ராத்திரி டூட்டியில ஒரே ஒரு ஆயா இருந்தா?

4/ அதனால ஆயாவைத் திட்டாதீங்க. வரவேற்பறைக்கும் புல்வெளிக்கும் செலவழிச்சிட்டு, ராத்திரி ஆளுக்குச் செலவழிக்காத நிர்வாகத்தைக் கேளுங்க: "ராத்திரி எத்தனை பேர்? திருப்பின நேரம் எழுதற நோட்டு எங்கே?"

5/ ஆரம்பத்துல தோல் சிவக்கும், அழுத்தினாலும் வெளுக்காது. நம்ம நிறத்துல சிவப்பு சரியாத் தெரியாதுங்க. சுத்தியிருக்கற தோலை விடக் கருத்து, சூடா, கெட்டியா இருக்கான்னு தொட்டுப் பாருங்க. இந்தக் கட்டத்துல அந்த இடத்துல அழுத்தம் படாம பார்த்தாலே பெரும்பாலும் சரியாயிடும். விட்டா எலும்பு வரைக்கும் போகும். கிருமி ரத்தத்துல கலந்தா உயிரே போகும்.

6/ செய்யக்கூடாதது: கருத்த இடத்தைத் தேய்க்கறது, வளையத் தலையணை வைக்கறது, இழுத்து நகர்த்தறது. ஏர் பெட் வாங்கிட்டோம்னு திருப்பறதை நிறுத்தவே கூடாது. டயபர் நனைஞ்சா உடனே மாத்தணும். முட்டை, பருப்புன்னு புரதம் குறையாம பார்த்துக்கணும்.

7/ 2023 பிப்ரவரியில விழுப்புரம் பக்கம் குண்டலப்புலியூர் ஆசிரமம் ஞாபகம் இருக்கா? அனுமதி இல்லாம நடந்த இடம். அங்க சேர்த்த பெரியவரைக் காணோம்னு உயர் நீதிமன்றத்துல மனு போட்ட பிறகுதான் எல்லாம் வெளிய வந்தது. 140 பேருக்கு மேல மீட்டாங்க. வெளியில இருந்து ஒருத்தர் விடாம கேட்டதாலதான் இது நடந்தது.

8/ வீடியோ கால்ல முகம்தான் தெரியும். சீவின தலை, நெத்தியில விபூதி, "நல்லா இருக்கேன் கண்ணு." முதுகு தெரியாது. அடுத்த தடவை நேர்ல போறப்ப, அவங்ககிட்ட கேட்டுட்டு, கதவைச் சாத்திட்டு, முதுகையும் குதிகாலையும் பாருங்க. அம்மாயி கூச்சப்பட்டா வீட்டுப் பொம்பளைங்க பார்க்கட்டும். சொல்லாம கொள்ளாம ஒரு நாள் போங்க.

9/ "அதெல்லாம் பார்க்க விடமாட்டோம்"னு இல்லத்துல சொன்னா அதுவே பதில். முதியோர் உதவி எண் 14567. போன்ல போட்டு வச்சுக்கங்க.