பெரியவர் அமரும் நாற்காலி

தை பிறக்கப் போகிறது என்றதும் பரண் முதல் பூஜையறை வரை இல்லங்களில் துப்புரவுப் பணி தொடங்கிவிடுகிறது. அவ்வேளையில் ‘இதை என்ன செய்வது?’ என்று எல்லோரும் நின்று யோசிக்கும் பொருள், கூடத்து மூலையில் கிடக்கும் பாட்டனார் காலத்துக் கை வைத்த நாற்காலி. தேக்கு மரம், உறுதியில் குறையில்லை. ஆனால் ரெக்ஸின் உறை வெடித்துத் தேங்காய் நார் வெளியே தெரிகிறது. இருக்கை நடுவில் குழிந்துவிட்டது. பழைய சாமான் வாங்குபவர் சொற்ப விலை சொல்கிறார். புதிய நாற்காலியோ கைக்கு எட்டாத விலையில் இருக்கிறது. இதற்கிடையே, தரையில் அமர இயலாத வீட்டுப் பெரியவர் அதில்தான் அமர்ந்து பாராயணம் செய்கிறார். எழும்போது ஒருவர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்நாற்காலியை வீட்டிலேயே, குறைந்த செலவில் புதுப்பிக்க இயலும். நம்மில் பலர் முதலில் துணியின் நிறத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். உண்மையில் முதலில் எடுக்க வேண்டியது அளவு நாடா. அளக்க வேண்டியது நாற்காலியை மட்டுமன்று, அதில் அமர்பவரையும்தான்.

பெரியவரை ஒரு பலகையில் அமரச் செய்து, பாதம் தரையில் முழுமையாகப் பதிந்திருக்கும் நிலையில், தரையிலிருந்து முழங்காலின் உட்பக்க மடிப்பு வரை அளந்து கொள்ளுங்கள். மெத்தை அமுங்கிய பின் இருக்கை அந்த உயரத்திலேயே நிற்க வேண்டும். சற்றுத் தாழ்ந்தாலும் எழுவது கடினம். மிக உயர்ந்தால் பாதம் தரையில் ஊன்றாது. உதாரணமாக, அந்த அளவு 17 அங்குலம், நாற்காலிச் சட்டத்தின் உயரம் 14 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். மெத்தை ஏறத்தாழ ஓர் அங்குலம் அமுங்கும் எனக் கொண்டால், 4 அங்குல மெத்தை பொருந்தும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மெத்தை உயர உயரக் கைப்பிடி தாழ்ந்துவிடும். முழங்கால் வலி உள்ளவர் கைப்பிடியை ஊன்றித்தான் எழுகிறார். சொகுசுக்காக 6 அங்குல மெத்தை போட்டால் அந்த ஊன்றுகோல் பயனற்றுப் போகும். அவ்வாறே, முதுகுப்புற மெத்தை தடிமனானால் அமரும் இடத்தின் ஆழம் குறையும். முதுகுக்கு 2 அங்குலம் போதுமானது.

அளவெடுத்தபின் பிரிக்கும் வேலை. திருப்புளியும் குறடும் கொண்டு ஆணிகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுங்கள். பழைய உறையைக் கிழிக்காமல் முழுதாக எடுத்தால், புதுத் துணி வெட்ட அதுவே மாதிரி. எதன்மேல் எது இருந்தது என்பதை ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்த வரிசையே வழிகாட்டும். இப்பணியை முற்றத்திலோ மாடியிலோ செய்வது நலம். மூட்டைப்பூச்சியின் தடயம் தென்பட்டால் பழைய பஞ்சையும் நாரையும் வீட்டுக்குள் கொண்டுவராமல் அகற்றிவிடுங்கள். இருக்கைக்குள் சுருள்கம்பிகள் இருந்தால் கட்டை அவிழ்க்க வேண்டா. அவை அழுத்திக் கட்டப்பட்டவை. தொழில் தெரிந்தவரிடம் விடுவதே முறை.

அடுத்து மரம். கைப்பிடியைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். மூட்டு ஆடினால் பழைய பசையைச் சுரண்டிவிட்டு, மரப்பசை தடவி, கயிற்றால் இறுகக் கட்டி ஒரு நாள் முழுவதும் அசையாமல் வையுங்கள். குண்டூசி முனையளவு துளைகளிலிருந்து மாவுபோல் தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. அதற்கு மருந்திட்ட பின்னரே மேற்கொண்டு வேலை.

நாற்காலியின் உயிர் இருக்கைக்கு அடியில் உள்ள நாடாவில் இருக்கிறது. இருக்கை குழிவதற்குப் பெரும்பாலும் மெத்தை காரணமன்று. நாடா தளர்ந்து போனதுதான். 20 அங்குலச் சதுர இருக்கைக்கு, கட்டிலுக்குப் பின்னும் 2 அங்குல அகல நாடா ஏழரை மீட்டர் வாங்குங்கள். முனையை மடித்துப் பின்சட்டத்தில் ஐந்து ஆணிகள் அடித்து, மறுமுனையை ஒரு மரக்கட்டையில் சுற்றி, அக்கட்டையை முன்சட்டத்தில் ஊன்றி நெம்பி இழுத்து அடியுங்கள். வெறும் கையால் இழுத்தால் இந்த இறுக்கம் வாராது. நீளவாட்டில் ஐந்து, குறுக்குவாட்டில் ஐந்து, பாய் முடைவதுபோல் மேலும் கீழுமாக. முடிந்ததும் உள்ளங்கையால் தட்டினால் மத்தளம்போல் ஒலிக்க வேண்டும். அதன்மேல் ஒரு சாக்குத்துணியை விரித்து ஆணியடித்துவிடுங்கள்.

மெத்தைக்கு, கடைகளில் ஃபோம் என்று சொல்லும் நுரைப்பஞ்சு. 32, 40 என்று கடைக்காரர் சொல்லும் எண், ஒரு கன மீட்டர் பஞ்சின் எடை இத்தனை கிலோ என்பதைக் குறிக்கும். நாள்தோறும் நெடுநேரம் அமரும் இருக்கைக்கு 40 ஏற்றது. முதுகுக்கு அதனினும் இலேசானது போதும். இந்த வேலையில் சிக்கனம் கூடாத இடம் இது ஒன்றே. மலிவான பஞ்சு விரைவிலேயே தட்டையாகி, பெரியவரைப் பழைய குழிக்கே கொண்டு சேர்க்கும்.

மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் உண்டு. பழைய இலவம்பஞ்சு சுத்தமாக இருந்தால் வெயிலில் காயவைத்து, உதறிப் பிரித்து, நுரைப்பஞ்சின் மேல் மெல்லிய அடுக்காகப் பரப்பலாம். விளிம்புகள் உருண்டு அமையும். அதைச் சுற்றி இழுத்து ஆணியடிக்கும் உள்ளுறைக்குப் பழைய நூல் வேட்டி போதும். நாற்காலியின் அடியில் தூசு மறைக்கப் பழைய நூல் புடவைத் துண்டு.

மேலுறைக்கு நம் வெயிலுக்கு ரெக்ஸினைவிடப் பருத்தியே சிறந்தது, வியர்வையில் ஒட்டாது. கைப்பிடி வெறும் மரமாக இருக்கும் நாற்காலிக்கு, 54 அங்குல அகலத் துணியில் இரண்டு மீட்டர் போதுமானது. திரைச்சீலைத் துணி விற்கும் கடைகளில் இந்த அளவு கட்பீஸாகவே குறைந்த விலைக்குக் கிடைப்பதுண்டு. கரூர், சென்னிமலைப் பக்கம் செல்பவர்கள் கெட்டியான பருத்தித் துணி பார்த்து வாங்கலாம். சங்கமேசுவரரைத் தரிசிக்கப் பவானிக்குச் செல்பவர்கள் அவ்வூர் ஜமுக்காளத்தையும் எண்ணிப் பார்க்கலாம். உழைக்கும், ஆனால் வெட்டிய ஓரம் உடனே பிரியும், எனவே முதலில் ஓரம் தைத்துவிட வேண்டும். எத்துணியாயினும் வெட்டுமுன் நீரில் நனைத்து உலர்த்துங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும், சாயம் போகுமா என்பதும் தெரிந்துவிடும்.

துணியைப் பூட்டும்போது ஒரு மூலையிலிருந்து தொடங்கினால் இழை கோணலாகிவிடும். பின்சட்டத்தின் நடுவில் ஒன்று, முன்சட்டத்தின் நடுவில் ஒன்று, பிறகு இரு பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்று. அங்கிருந்து மூலைகளை நோக்கிச் செல்லுங்கள். தலை அகன்ற அரை அங்குல ஆணிகளை முதலில் பாதியளவே அடியுங்கள். மூலை மடிப்பைக் கடைசியில் படியவையுங்கள்.

அவ்வாறு ஆணிகள் பாதி நிற்கும்போதே பெரியவரை அழைத்து அமரச் சொல்லுங்கள். பாதம் தரையில் ஊன்றுகிறதா, முழங்கை கைப்பிடியில் இயல்பாகப் பொருந்துகிறதா, பிறர் உதவியின்றி எழ முடிகிறதா என்று கவனியுங்கள். ஏதேனும் குறையிருந்தால் ஆணிகளைப் பிடுங்கிப் பஞ்சைக் கூட்டவோ குறைக்கவோ அப்போதும் இடமிருக்கிறது. அவர் தாமாக எழுந்து நின்ற பிறகு, ஆணிகளை முழுவதும் அடித்து முடியுங்கள்.