ஏரி மீன்: தண்ணீரைச் சோதித்தால் போதாது

அம்பத்தூர்ப் பகுதிக் கழிவுநீர் கொரட்டூர் ஏரியில் கலப்பது பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற பிரச்சினை. பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றியே. ஆனால் ஈயமும் காட்மியமும் நீரைவிட அடிச்சேற்றில்தான் அதிகம் படியும். சேற்றில் இரை தேடும் ஜிலேபி, கெளுத்தி மீன்களுக்குள் அவை இரையோடும் செவுள் வழியாகவும் நுழைகின்றன. கல்லீரல், சிறுநீரகம், செவுளில் மிகுதியாகவும் சதையில் குறைவாகவும் தங்குகின்றன. எனவே குடல், செவுள், முதுகெலும்பை ஒட்டிய கருஞ்சிவப்புப் பகுதி மூன்றையும் நீக்கிவிட்டுச் சமையுங்கள். தலைக்கறிப் பிரியர்களுக்குச் சங்கடம்தான்!

பாதரசம் வேறு ரகம். சதையிலேயே சேரும், கொதிக்க வைத்தாலும் போகாது. சிறு மீன்களைத் தின்னும் விராலில் கூடுதலாக இருக்கும்.

மீனில் ஈயம் கிலோவுக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. மீன்பிடி குத்தகை விடும் முன்பே மீனையும் சேற்றையும் சோதிக்க வேண்டும். தொழிற்பேட்டையை ஒட்டிய ஏரியின் வண்டலை வயலில் கொட்ட நினைப்பவர்களும் முதலில் அதைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.